மூப்பர்

'மூ' என்னும் வினையடியில் பிறந்தது. கொடிகாமத்து வீடுகளில் தலைப்பிள்ளையை 'மூத்தவன்' என்பதும் இதே வேர்தான். எபிரேய விவிலியத்தில் இதற்கு ஈடான சொல் 'சாக்கேன்'. தாடியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆனால் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் நரையோடு நின்றுவிடவில்லை. மக்களின் சுமையைத் தனியே தாங்க முடியாதென்று மோசே முறையிட, அவர்மேல் இருந்த ஆவியில் எடுத்து 70 மூப்பர்மேல் வைக்கிறார் கடவுள். சந்திப்புக் கூடாரத்துக்கு வராமல் பாளையத்திலேயே நின்றுவிட்ட எல்தாத், மேதாத் இருவருக்கும் அந்த ஆவி கிடைக்கிறது. அவர்கள் இறைவாக்குரைப்பதைத் தடுக்கச் சொன்ன யோசுவாவுக்கு மோசே இணங்கவில்லை. மக்கள் எல்லோருமே இறைவாக்கினராக வேண்டுமென்று ஆசைப்பட்டார். அதிகாரத்தின் உயிர் இந்த இடம்தான். ஒல்லாந்தர் ஆட்சியில், குருமார் இல்லாத இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் கோயிற் பொறுப்பைத் தாங்கிய பொதுநிலையினருக்கும் மூப்பர் என்னும் இப்பெயர் வழங்கியது.