15 சென்ட் கேப்டனின் நெடும்பயணம்

1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். பெரும்பாலோர் இளைஞர்கள். மலிவு விலை இதழ்களை வரிசையாக நடத்திவந்த லியோ மார்குலிஸும் அங்கே போயிருந்தார். கதைகளைப் பற்றி அந்தப் பையன்கள் உயிரைக் கொடுத்து வாதாடுவதைப் பார்த்து அசந்துபோனார். இவர்களுக்கென்றே ஒரு புது இதழ் போடலாம் என்ற யோசனை அந்த மாநாட்டில்தான் உருவானது என்பார்கள். அதன் நாயகன் கேப்டன் ஃபியூச்சர். ரசிகர்கள் மல்லுக்கட்டிய கூடத்தில் கருக்கொண்டவன் அவன். பிற்பாடு பதிப்பாளர்கள் அவனைக் கைவிட்டபோதெல்லாம் தூக்கி நிறுத்தியவர்களும் ரசிகர்கள்தாம்.

மார்குலிஸின் கீழ் வேலை பார்த்த ஆசிரியர் மார்ட் வைசிங்கர், நாயகனைப் பற்றி ஒரு வரைவு தயாரித்து எட்மண்ட் ஹாமில்டனிடம் கொடுத்தார். ஹாமில்டன் ஒஹையோ மாநிலத்துக்காரர். 1926 முதல் எழுதிவந்தவர். கிரகங்களை உடைப்பதும் சூரியன்களை மோதவிடுவதும் அவருக்குக் கைவந்த கலை. வரைவு அவருக்குப் பிடிக்கவில்லை. ‘மிஸ்டர் ஃபியூச்சர்’ என்றிருந்த பெயர் முதல் பலதையும் மாற்றிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தார். 1940-ன் குளிர்கால இதழாக முதல் நாவல் வெளிவந்தது. விலை 15 சென்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதழுக்கு ஒரு முழு நாவல் என்பது ஏற்பாடு.

இந்த இதழ்களைப் ‘பல்ப்’ என்று அழைத்ததற்குக் காரணம் அவற்றின் காகிதம். மரக்கூழிலிருந்து நேரடியாகச் செய்த மட்டக் காகிதம் அது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். அமிலம் உள்ளுக்குள் இழைகளைத் தின்னும். இன்று ஒரு பிரதியைக் கையில் எடுத்தால் பக்கத்தைப் புரட்டும்போதே ஓரம் பொடியாக உதிர்ந்து மடியில் விழும். அட்டை மட்டும் வழவழப்பான தாளில், கடைத் தட்டில் நூறு இதழ்களுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் இருக்கும். படித்துவிட்டுத் தூக்கி எறிவதற்காகவே அச்சடித்த பொருள். பதிப்பாளர் அதைப் பாதுகாக்க நினைக்கவில்லை. அட்டைப்பெட்டியில் அடுக்கி, வீடு மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் வாசகர்கள்.

கதை இதுதான். விஞ்ஞானியான ரோஜர் நியூட்டனும் மனைவி எலைனும் எதிரிகளுக்குத் தப்பி நிலாவுக்குப் போய், டைக்கோ பள்ளத்தின் அடியில் ஆய்வுக்கூடம் அமைக்கிறார்கள். கூடவே போகிறவர் சைமன் ரைட். உடல் செத்து, மூளை மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடிருக்கும் பேரறிஞர். நியூட்டன் தம்பதி கொல்லப்படுகிறார்கள். பின்னாளில் கேப்டன் ஃபியூச்சர் ஆகப்போகும் அவர்களுடைய கைக்குழந்தை கர்ட்டிஸை வளர்க்கும் பொறுப்பு மூன்று பேர் தலையில் விழுகிறது. பெட்டிக்குள் இருக்கும் மூளை, கிராக் என்ற இரும்பு எந்திர மனிதன், ஓத்தோ என்ற செயற்கை மனிதன். கிராக்குக்கும் ஓத்தோவுக்கும் ஓயாத சண்டை: நம் இருவரில் யார் அதிகம் மனிதன்? இருவரும் ஆளுக்கொரு செல்லப்பிராணி வளர்க்கிறார்கள். ஒன்று உலோகத்தைத் தின்னும், இன்னொன்று எந்த உருவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். பெற்றவர்கள் இல்லாத பிள்ளையைத் தாயும் தகப்பனுமாக மூன்று விசித்திரங்கள் வளர்க்கின்றன என்ற இந்த அடித்தளம்தான் தொடரின் உயிர் என்று நான் நினைக்கிறேன். துப்பாக்கிச் சண்டையும் விண்கலத் துரத்தலும் அந்தக் காலத்துக் கதைகள் எல்லாவற்றிலும் இருந்தன. இந்தக் குடும்பம் வேறு எதிலும் இல்லை.

கர்ட்டிஸின் கைவிரலில் ஒரு மோதிரம். நடுவில் சூரியனாக ஒரு கல், அதைச் சுற்றி ஒன்பது கிரகங்களாக ஒன்பது கற்கள். ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் மெல்லச் சுழலும். புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது 1930-ல். ஒன்பதாவது கல் அன்றைக்குப் புதுச் செய்தி. 2006-ல் புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அந்தக் கல்லைக் கழற்றச் சம்மதிக்கவில்லை.

இதழில் வாசகர் கடிதங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அந்தக் கால வழக்கப்படி கடிதங்கள் எழுதியவரின் முகவரியோடு வரும். அதை வைத்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு, சந்தித்துக்கொண்டு, கையச்சு இதழ்கள் போட்டு வளர்ந்தது அமெரிக்க ரசிகர் உலகம். எல்லோரும் கேப்டனைக் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. சிறுபிள்ளைக் கதை என்று ஒதுக்கியவர்கள் அப்போதே உண்டு.

போர் வந்தது. ஹாமில்டனைப் படைக்கு எடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், வேறு ஆட்களை வைத்து எழுதத் தோதாக ‘பிரெட் ஸ்டெர்லிங்’ என்ற பொதுப்பெயரைப் பதிப்பாளர்கள் உண்டாக்கினார்கள். 38 வயதானவர்களை எடுப்பதில்லை என்று படை முடிவு செய்ததால் அவர் தப்பினார். காகிதம் தப்பவில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டில் 1944 வசந்த இதழோடு, 17 இதழ்களில் கதை முடிந்தது. அதற்குப் பிறகு ‘ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்’ இதழில் கேப்டன் அவ்வப்போது தலைகாட்டினான். 1950-லும் 1951-லும் அங்கே வந்த ஏழு குறுங்கதைகளைத் தேடிப் படித்தவர்கள், ஹாமில்டன் எழுதியதிலேயே முதிர்ச்சியானவை அவைதான் என்பார்கள். நானும் அந்தக் கட்சி. வேகம் குறைந்து, தனிமையும் வயதும் அந்தப் பக்கங்களில் ஏறியிருக்கும். அப்போது அவர் லீ பிராக்கெட்டை மணந்திருந்தார். அவரும் எழுத்தாளர். பின்னாளில் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் முதல் திரைக்கதை வரைவை எழுதியவர்.

அமெரிக்காவில் கேப்டன் ஏறக்குறைய மறக்கப்பட்டான். 1960-களின் கடைசியில் மலிவுப் பதிப்பாக ஒரு சுற்று வந்ததோடு சரி.

அவனைக் கைகொடுத்துத் தூக்கியவர் ஜப்பானில் இருந்தார். பெயர் மசாஹிரோ நோடா. தொழில், தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு. பித்து, அமெரிக்கப் பல்ப் இதழ்கள். அவற்றைச் சேகரித்து, கேப்டன் ஃபியூச்சர் கதைகளை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். கடமைக்குச் செய்த மொழிபெயர்ப்பில்லை அது. கதாபாத்திரங்கள் பேசும் தோரணையில் அவருடைய குதூகலம் தெறிக்கும் என்று அங்குள்ள வாசகர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொந்த நாட்டில் பொடிந்துகொண்டிருந்த கதை, இன்னொரு மொழியில் நல்ல தாளில் மறு அச்சு கண்டுகொண்டே இருந்தது.

1978 நவம்பரில் டோய் நிறுவனம் அதை அனிமே தொடராக்கியது. என்.எச்.கே. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஹாமில்டன் 1977 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். பிராக்கெட் 1978 மார்ச்சில். இருவருமே பார்க்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய நாவல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு பாகமாகப் பிரித்து, இவ்வளவு விசுவாசமாகத் திரைக்குக் கொண்டுவந்த வேலை அரிது.

அங்கிருந்து ஐரோப்பா. ஜெர்மனியில் 1980-ல் இசட்.டி.எஃப். ஒளிபரப்பியது. 52 பாகங்களை வெட்டி 40 ஆக்கினார்கள். இசையைத் தூக்கிவிட்டு கிறிஸ்டியன் புரூனை வைத்துப் புதிதாகப் போட்டார்கள். அந்த இசையின் முதல் சில நொடிகளைக் கேட்டாலே கண் கலங்கும் ஜெர்மானியர்கள் இன்று நடுவயதைத் தாண்டியிருக்கிறார்கள். பிரான்சில் 1981-ல் பெயரையே மாற்றி ‘கேப்டன் ஃபிளாம்’ ஆக்கினார்கள். அந்தத் தலைமுறைக்கு அதுதான் அசல். ஹாமில்டன் என்ற பெயரே தெரியாமல் வளர்ந்தவர்கள், பெரியவர்களான பிறகு ஆங்கில இதழ்களைத் தேடி வாங்கினார்கள். ஆறு ஊறிய இடத்தைத் தேடிக் கரையோரமாக மேலே நடந்தவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் கேப்டனுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் ஆலன் ஸ்டீல். 1995-ல் ‘அசிமோவ்ஸ்’ இதழில் ‘தி டெத் ஆஃப் கேப்டன் ஃபியூச்சர்’ என்ற குறுநாவலை எழுதினார். அதன் நாயகன் போ மெக்கின்னன், சரக்கு விண்கப்பல் ஒன்றின் கேப்டன். பருத்த உடம்பு, யாருக்கும் பிடிக்காத மனிதன். பழைய பல்ப் இதழ்களைச் சேர்த்துவைத்து, தானே கேப்டன் ஃபியூச்சர் என்று நம்புகிறான். கப்பலின் பெயர் கூட ‘காமெட்’, கதைநாயகன் கலத்தின் பெயரேதான். மாலுமிகள் அவனைச் சகிக்க முடியாமல் தவிக்கிறார்கள். உண்மையான ஆபத்து வரும்போது அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. ரசிகனின் பித்தைப் பற்றி அதற்கு முன்பும் பலர் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் கேலியாக. ஸ்டீல் அதன் அசட்டுத்தனத்தை ஒளிக்கவில்லை. அந்தப் பித்துக்குள்ளே ஒரு துணிவு இருக்கக்கூடும் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996-ல் ஹியூகோ விருது கிடைத்தது. மொழிபெயர்ப்புக்கு ஜப்பானின் செய்யுன் விருதும் வந்தது. நோடாவைப் படித்து வளர்ந்த வாசகர்கள் நிறைந்த நாட்டின் அங்கீகாரம் அது.

2017-ல் ஸ்டீல் நேராகவே கேப்டனைக் கையில் எடுத்தார். நாவலின் பெயர் ‘அவெஞ்சர்ஸ் ஆஃப் தி மூன்’. அதைத் தொடர்ந்து 2019 முதல் ‘அமேசிங்’ வெளியீடாகக் குறுநாவல் வரிசை ஒன்றும் வந்தது. ரசிகர்கள் இதில்தான் இரண்டு கட்சியானார்கள். ஹாமில்டனின் செவ்வாயிலும் வெள்ளியிலும் பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். விண்கலங்கள் போய்ப் பார்த்த பிறகு அதை எழுத முடியாது. ஸ்டீல் என்ன செய்தார்? அந்த மக்களை, வேற்றுலகச் சூழலுக்கேற்ப மரபணு மாற்றப்பட்ட மனிதர்களின் வழித்தோன்றல்களாக ஆக்கினார். ‘கேப்டன் ஃபியூச்சர்’ என்பது கர்ட்டிஸ் சிறுவயதில் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயரானது. காவல்துறையில் இருக்கும் ஜோன் ராண்டலை அவனுக்குச் சமமாக நிறுத்தினார். பழைய வாசனை போய்விட்டது என்கிறது ஒரு கட்சி. இப்படிச் செய்யாவிட்டால் புது வாசகன் முதல் அத்தியாயத்தைக் கூடத் தாண்டமாட்டான் என்கிறது மற்றது.

நான் ஸ்டீல் பக்கம். பழைய கதைகளில் வானியல் மட்டும் பழுதாகவில்லை. பெரிய வில்லன் உல் குவார்ன் கலப்பு இரத்தத்தவன் என்பதையே அவன் தீமைக்கு அடையாளமாகக் காட்டும் வரிகள் அவற்றில் உண்டு. அதை அப்படியே நகலெடுப்பது மரியாதை ஆகாது. டைக்கோ ஆய்வுக்கூடத்தையும் அந்த மூன்று வளர்ப்புப் பெற்றோரையும் ஸ்டீல் தொடவில்லை. கிராக்கும் ஓத்தோவும் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதைத் திருத்த வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்பது அந்தக் கதையை நேசித்தவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் 2017 நாவலை விட 1995 குறுநாவல் ஒரு படி மேல். நாவலில் விளக்கங்கள் சில இடங்களில் ஓட்டத்தைத் தடுக்கின்றன.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாமில்டனின் முதல் நாவலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஸ்டீலின் 1995 குறுநாவல், பிறகு ஹாமில்டனின் 1950–51 குறுங்கதைகள். இவை பிடித்திருந்தால் 1940-க்குப் போங்கள். பழைய இதழ் எங்காவது கண்ணில் பட்டால் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வாசகர் கடிதங்களையும் விட்டுவிடாமல் படியுங்கள்.