சிட்டி காலேஜ், 1950: இரண்டு கோப்பைகளும் ஒரு பூந்தொட்டியும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு வருஷம் என்பது ஐந்து மாசம்தான். குளிர் ஆரம்பிக்கும்போது சீசன் தொடங்கும், ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். இடையில் முப்பது ஆட்டங்கள் போல. இந்த ஐந்து மாசத்தை ரசிகன் தனித்தனி ஆட்டங்களாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, ஒரே கதையாகத் தைத்துவிடுவான். டிசம்பரில் அந்தத் தோல்வி வந்ததால்தான் பையன்கள் விழித்துக்கொண்டார்கள், ஜனவரியில் அவனுக்குக் கால் சரியில்லை, பிப்ரவரியில் அதிர்ஷ்டம் இல்லை, மார்ச்சில் எல்லாம் கூடிவந்தது என்கிற மாதிரி. வேலைக்காக அமெரிக்காவில் சில வருஷங்கள் இருந்தபோது எனக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் மார்ச் மாசம் வந்தால் தூக்கம் கெட்டுப்போகும்.

இப்படித் தைத்த கதையில் சில அத்தியாயங்கள் நடிப்பு என்று ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தால் என்ன ஆகும்? 1949-50 சீசனில் நியூயார்க் சிட்டி காலேஜ் அணியைப் பின்தொடர்ந்த மாணவர்களுக்கு அதுதான் நடந்தது.

முதலில் அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பாசம் அங்கிருந்துதான் வருகிறது. 1847-ல் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்று நகரம் தன் செலவில் தொடங்கிய கல்லூரி. 1976 வரை கல்விக் கட்டணம் கிடையாது. நல்ல மார்க் இருந்தால் இடம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் படித்தவர்களில் பெரும்பாலானோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் இங்கே படித்தவர்தான். விடுதி இல்லை. காலையில் சப்வே ரயிலில் ஹார்லெமுக்கு வந்து, சாயங்காலம் அதே ரயிலில் ப்ராங்ஸுக்கோ புரூக்ளினுக்கோ திரும்புகிற மாணவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிக் கத்துவதற்கு இருந்த ஒரே சாக்கு கூடைப்பந்து. 'அல்லகரூ' என்று ஒரு கூச்சல் வைத்திருந்தார்கள். முதலைக்கும் கங்காருவுக்கும் பிறந்த மிருகம் என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு.

அந்த வருஷ அணியில் எட் வார்னர், எட் ரோமன், ஃப்ளாய்ட் லேன், ஆல் ராத் என்று இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேர். மூத்தவர்கள் இர்வின் டாம்ப்ராட், நார்ம் மேகர். வார்னரும் லேனும் கருப்பினத்தவர்கள், ரோமன், ராத், டாம்ப்ராட், மேகர் யூதர்கள். எல்லோருமே நியூயார்க் பையன்கள். அவர்களோடு படித்தவர்களுக்கு இதில் பெருமை இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பயிற்சியாளர் நாட் ஹோல்மன், பழைய ஒரிஜினல் செல்டிக்ஸ் ஆட்டக்காரர், 1919-லிருந்து அங்கேயே இருந்தவர்.

சீசன் ஒன்றும் பிரமாதமாகப் போகவில்லை. 17 வெற்றி, 5 தோல்வி. சின்ன அணிகளிடம்கூட வழுக்கினார்கள். நயாகராவிடம், கனீஷியஸிடம் தோல்வி. ஏன் இப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டால், சின்னப் பையன்கள், இன்னும் பக்குவம் வரவில்லை என்ற பதில் தயாராக இருந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் மார்ச் வந்தது. அந்தக் காலத்தில் சீசன் முடிவில் இரண்டு பெரிய போட்டித்தொடர்கள். ஒன்று என்ஐடி, 1938-ல் தொடங்கியது, மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடப்பது, 12 அணிகள். இன்னொன்று என்சிஏஏ, ஒரு வருஷம் இளையது, 8 அணிகள். இன்றைக்கு என்சிஏஏ யானை, என்ஐடி பூனை. அன்றைக்கு அப்படி இல்லை, என்ஐடிக்கு மவுசு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

என்ஐடி முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் சான் பிரான்சிஸ்கோவை 65-46 என்று சிட்டி காலேஜ் சாய்த்தது. அடுத்தது கென்டக்கி. 1948, 1949 இரண்டு வருஷமும் என்சிஏஏ சாம்பியன். பயிற்சியாளர் அடால்ஃப் ரப். அந்த அணியில் கருப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கிடையாது, அதற்கப்புறமும் இருபது வருஷம் போல இல்லை. ஆட்டம் தொடங்குமுன் கை குலுக்கப் போனபோது சில கென்டக்கி ஆட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சிட்டி தரப்பில் காலம் காலமாகச் சொல்கிறார்கள். ஸ்கோர் 89-50. முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசம்! இருபது வருஷ அனுபவமுள்ள ரப் அப்படி ஓர் அடி அதுவரை வாங்கியதில்லை. அரையிறுதியில் டுகேனை 62-52. மார்ச் 18 இறுதிப்போட்டியில், நாட்டின் முதல் இடத்தில் இருந்த பிராட்லியை 69-61. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் எட் வார்னர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து ஹார்லெமில் வளர்ந்த பையன். அந்த விருதை வாங்கிய முதல் கருப்பின ஆட்டக்காரர் அவர்தான்.

பத்து நாள் கழித்து அதே அரங்கம், அதே பிராட்லி, இந்த முறை என்சிஏஏ இறுதி. வழியில் ஓஹையோ ஸ்டேட்டை 56-55, வட கரோலினா ஸ்டேட்டை 78-73 என்று தட்டுத்தடுமாறி வந்திருந்தார்கள். மேகர் ஒரு மோதலில் நெற்றி கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு திரும்ப வந்து ஆடினார். கடைசி நிமிஷத்தில் பிராட்லி விடாமல் துரத்தி 69-68 வரை வந்துவிட்டது. பிராட்லியின் குள்ள வீரர் ஜீன் மெல்கியோரி பந்தைப் பறித்துக்கொண்டு கூடைக்குப் பாய்கிறார். டாம்ப்ராட் குறுக்கே விழுந்து பந்தைப் பிடுங்கி, தூரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த மேகருக்கு வீசுகிறார். 71-68. அது ஃபவுல்தான் என்று பிராட்லிக்காரர்கள் கடைசிவரை சொன்னார்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு கோப்பையையும் வென்ற அணி அதற்கு முன் இல்லை, பின்னும் இல்லை. இப்போது இரண்டு தொடரும் ஒரே சமயத்தில் நடப்பதால் இனிமேலும் முடியாது. மறுநாள் கல்லூரி வளாகமே திருவிழாவானது. இந்தப் பையன்கள் விளையாட்டு உதவித்தொகைக்காக இறக்குமதி செய்யப்பட்டவர்கள் அல்ல, மற்ற மாணவர்களைப் போலவே உள்ளே வந்தவர்கள் என்று கல்லூரித் தலைவர் பெருமையாகச் சொன்னார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அரங்கத்தின் இன்னொரு பகுதிக்குப் போவோம். கார்டனில் ஆட்டம் பார்க்க வந்தவர்களில் எல்லோரும் ரசிகர்கள் இல்லை, பந்தயம் கட்டியவர்களும் இருந்தார்கள். 1940-களில் பந்தயத்தில் ஒரு புது முறை பரவியது. யார் ஜெயிப்பார் என்று கட்டுவது பழசு. எத்தனை புள்ளியில் ஜெயிப்பார் என்று கட்டுவது புதுசு. இதை ஸ்ப்ரெட் என்பார்கள். உதாரணமாக, சிட்டி காலேஜுக்கு எட்டுப் புள்ளி ஸ்ப்ரெட் என்று வையுங்கள். சிட்டி எட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன் மேல் பணம் போட்டவனுக்கு லாபம். நாலு புள்ளியில் ஜெயித்தால்? மாணவன் துள்ளிக் குதிப்பான். எதிரணி மேல் கட்டியவனும் பக்கத்து நாற்காலியில் துள்ளிக் குதிப்பான். ஒரே ஆட்டம், இரண்டு வெற்றியாளர்கள்.

சூதாட்டக்காரனுக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். பத்தொன்பது வயசுப் பையனிடம் போய் உன் கல்லூரியைத் தோற்கடி என்றால் செருப்பு பறக்கும். தோற்கவேண்டாம் தம்பி, ஜெயி, கொஞ்சம் குறைவாக ஜெயி, அவ்வளவுதான் என்றால்? யாருக்கு நஷ்டம்? அந்தப் பையன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் சேர்த்தே கையில் கொடுக்கப்பட்டது.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1945-லேயே புரூக்ளின் காலேஜ் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் பணம் வாங்கி மாட்டினார்கள். அதன் பிறகு நியூயார்க்கில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. கார்டனும் நிரம்பியது, பத்திரிகைகளும் எழுதின, ஒன்றும் மாறவில்லை. 1951 ஜனவரியில் மன்ஹாட்டன் காலேஜின் ஜூனியஸ் கெலாக் 1,000 டாலர் பேரத்தை மறுத்துப் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். அங்கிருந்து நூல் பிடித்தது மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் அலுவலகம்.

1951 பிப்ரவரி 18. பிலடெல்பியாவில் டெம்பிளை வென்றுவிட்டு அணி ரயிலில் நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்தது. ரயிலில் துப்பறிவாளர்கள் ஏறினார்கள். வார்னர், ரோமன், ராத் மூவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பணம் கொடுத்தவர் சால்வடோர் சொலாஸோ என்ற நகை வியாபாரி. இடைத்தரகர் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர் எடி கார்ட். அந்த 1950-51 சீசனில் மிசௌரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆட்டங்களில் கைவரிசை. குறைவாக ஜெயித்தால் போதும் என்ற கணக்கு என்ன ஆனது தெரியுமா? மூன்றிலும் தோற்றார்கள். மிசௌரிக்கு எதிராக இரட்டைச் சாம்பியன் எடுத்தது மொத்தம் 37 புள்ளி, அரிசோனாவுக்கு எதிராக 38. ஆட்டத்தை மெதுவாக்க ஆரம்பித்தவன் வேண்டும்போது வேகத்தைத் திரும்பக் கூட்டிவிட முடியாது போலிருக்கிறது.

மாணவர்கள் உடைந்துபோனார்கள். ஆனால் ஒருவர் மிச்சம் இருந்தார், ஃப்ளாய்ட் லேன். எல்லோரும் விழுந்த இடத்தில் நின்ற பையன் என்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சில நாள்தான். பிப்ரவரி 27-ல் அவரையும் விசாரித்தபோது துப்பறிவாளர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், படுக்கையறையிலிருந்த பூந்தொட்டியைக் காட்டினார். மண்ணுக்குள் கைக்குட்டையில் சுருட்டி 2,890 டாலர். வாங்கியது 3,000. செலவழித்தது 110. இந்த விஷயத்தில் என்னை ரொம்பவே உலுக்கிய எண் இந்த 110-தான். பணத்தை வாங்கவும் செய்து, தொடவும் பயந்து, மண்ணில் புதைத்து வைத்த பையன். தோளில் தூக்கிக்கொண்டு போனபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த அடி இன்னும் மோசம். டாம்ப்ராட், மேகர், இன்னொரு ஆட்டக்காரர் ஹெர்ப் கோஹன் ஆகியோரும் சிக்கினார்கள். டாம்ப்ராடும் மேகரும் 1950-லேயே படித்து முடித்துப் போனவர்கள். அப்படியென்றால்? அந்தப் பொன்னான சீசனிலேயே சில ஆட்டங்கள் விற்கப்பட்டிருந்தன. அந்தக் கடைசி நிமிஷத்தில் பந்தைப் பிடுங்கியவரும், தையல் போட்ட நெற்றியோடு ஓடியவரும் அந்தப் பட்டியலில். இரண்டு கோப்பைத் தொடர்களின் ஆட்டங்கள் மட்டும் குற்றச்சாட்டில் இல்லை. அந்த மட்டில் ஆறுதல்.

2000 ஏப்ரலில் ஹன்சி குரோனியே விவகாரத்தை டெல்லி போலீஸ் வெளியிட்டபோது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் பல நாள் ஒரே வேலை, பழைய மேட்ச்களை ஞாபகத்திலிருந்து திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அந்த ரன் அவுட் நிஜமா? அந்த வைடு? சிட்டி காலேஜ் மாணவர்களும் இதைத்தான் செய்திருக்கவேண்டும். பழைய ஸ்கோர் விவரங்களை நான் பார்க்கும்போது என் தொழில் புத்தி குறுக்கே வரும். ஸ்கோர் அட்டை என்பது ஒரு லாக் ஃபைல் மாதிரி. பந்து கூடையில் விழவில்லை என்று பதிவாகியிருக்கும், ஏன் விழவில்லை என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. ரோமன் தவறவிட்ட ஒரு பந்து களைப்பா, கவலையா, காசா என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. 1950 மார்ச் ஆட்டங்கள் சுத்தம் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அது நம்பிக்கைதான்.

சிட்டி காலேஜ் மட்டும் தனியாகக் கெட்டுப்போயிருந்தால் கதை சுலபம். ஹோகன் தரப்பு கணக்குப்படி 1947 முதல் 1950 வரை 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள், 86 ஆட்டங்கள். நியூயார்க் என்கிற பாவ நகரத்தில்தான் இதெல்லாம் நடக்கும் என்று மத்திய, தெற்கு மாநிலங்களில் பேசிக்கொண்டார்கள். பத்தடிக் கழி வைத்துக்கூட என் பையன்களைச் சூதாட்டக்காரர்கள் தொடமுடியாது என்றார் ரப். அந்த வருஷம் அக்டோபரில் அவருடைய சாம்பியன் அணியின் அலெக்ஸ் க்ரோஸா, ரால்ஃப் பியர்டு இருவரும் கைதானார்கள். 1949 என்ஐடியில் லயோலாவிடம் தோற்ற ஆட்டத்துக்குக் காசு வாங்கியிருந்தார்கள். பிராட்லியின் மெல்கியோரியும் மாட்டினார். என்பிஏ தேர்வில் அந்த வருஷம் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, 1950 இறுதிப்போட்டியின் அந்தப் புகழ்பெற்ற கடைசிக் கணத்தில் பந்தைத் தொட்ட மூன்று பேரும் வெவ்வேறு நாட்களில் காசு வாங்கியவர்கள்!

கல்லூரித் தலைவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். பிற்பாடு உயர்கல்வி வாரியம் விசாரித்ததில், சில ஆட்டக்காரர்களை உள்ளே சேர்ப்பதற்காகப் பள்ளி மதிப்பெண் ஆவணங்களே திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. மற்ற மாணவர்கள் வந்த வழியில் எல்லோரும் வரவில்லை. அந்தத் திருத்தத்தைப் பையன்கள் செய்திருக்க முடியாது அல்லவா? ஆனால் தண்டனை எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். சொலாஸோவுக்கு 8 முதல் 16 வருஷம். அது சரி. வார்னருக்கு 6 மாசச் சிறை. ராத்துக்கும் அதே தண்டனை, ராணுவத்தில் சேர்ந்ததால் சிறைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் என்பிஏ கதவு ஆயுசுக்கும் மூடியது. ஹோல்மன் 1952-ல் இடைநீக்கம் செய்யப்பட்டார், 1954-ல் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். பையன்கள் செய்தது தப்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. அரங்கம் டிக்கெட் விற்றது, பத்திரிகை ஸ்ப்ரெட்டை அச்சடித்தது, கல்லூரி மதிப்பெண்ணைக் கண்டுகொள்ளவில்லை. கைவிலங்கு மாட்டியது இருபது வயசுக்காரர்களுக்கு.

சிட்டி காலேஜ் கார்டனை விட்டு விலகித் தன் சொந்த ஜிம்முக்குள் போய்விட்டது. பெரிய அணிகளோடு ஆடுவதும் நின்றது. கோப்பைகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, இரண்டும் அதன் பெயரிலேயே இருக்கின்றன.

ஃப்ளாய்ட் லேன் ப்ராங்ஸ் தெருக்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான நேட் ஆர்ச்சிபால்ட் அவர் கைபட்டு வளர்ந்தவர்களில் ஒருவர். 1974-ல் சிட்டி காலேஜ் தன் அணிக்குப் புதுப் பயிற்சியாளரை நியமித்தது. பூந்தொட்டிக்காரரைத்தான்.