சிறப்புப் பிள்ளைகளுக்கான சம்மர் கேம்ப்: தன்னார்வலரா சேரப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கோடை விடுமுறை வந்துட்டா தெருவுக்குத் தெரு சம்மர் கேம்ப் பேனர் தொங்கும். நீச்சல், ஓவியம், கராத்தே, செஸ் என எல்லாம் இருக்கும். ஆனால் ஆட்டிசம் அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால், பல இடங்களில் "எங்களால பார்த்துக்க முடியாதுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். சிறப்புப் பள்ளிக்கும் லீவு. அப்போ அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க வீடுதான் உலகம். பார்த்துக்கொள்ள அப்பா, அம்மாவில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டிய நிலையும் வரும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகல்நேர கோடை முகாம்கள். காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் அழைத்துப் போகலாம். இங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆள் தேவை. அத்தனை பேரைச் சம்பளத்துக்கு வைக்க பெரும்பாலான அமைப்புகளால் முடியாது. அதனால்தான் தன்னார்வலர்களைத் தேடுறாங்க. ஆனா, நல்ல மனசு மட்டும் இருந்தா போதுமா?

முகாமுக்கு யாரெல்லாம் வருவாங்க?

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் வருவார்கள். இவை பிறப்பிலேயே அல்லது சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்பவை. 'குணப்படுத்த' வேண்டிய நோய் அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் மூன்றும் அதில் உண்டு.

முக்கியமான விஷயம்: வருபவர்கள் எல்லோரும் குழந்தைகள் அல்ல. 25, 30 வயது ஆட்களும் இருப்பார்கள். அவர்களை 'பாப்பா', 'செல்லம்' என்று கூப்பிட்டு கன்னத்தைக் கிள்ளுவது மரியாதை இல்லை. அந்த வயதுள்ள மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே பேர் சொல்லியோ, அண்ணா, அக்கா என்றோ கூப்பிடுங்க.

இந்த யோசனை எங்கே தொடங்கியது?

இப்படிப்பட்ட முகாம்களில் உலக அளவில் பேசப்படுவது அமெரிக்காவின் 'கேம்ப் ஷ்ரைவர்'. அப்போதைய அதிபர் ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், 1962 கோடையில் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்திலேயே இதை நடத்தினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. 1941-ல் செய்யப்பட்ட மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் நிலை இன்னும் மோசமாகி, விடுதியிலேயே வாழ வேண்டியதானது.

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை விடுதியில் அடைத்து வைப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. அந்த நேரத்தில் யூனிஸ் வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகள் நீந்தினார்கள், குதிரை ஏறினார்கள், பந்து விளையாடினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் டாக்டர்கள் அல்ல, பள்ளி, கல்லூரி மாணவர்களான தன்னார்வலர்கள். கிட்டத்தட்ட ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கு. "இவங்களால முடியாது" என்று சொல்லப்பட்டதை எல்லாம் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். அங்கே கிடைத்த நம்பிக்கைதான் 1968 ஜூலையில் சிகாகோவில் நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வரை போனது.

தன்னார்வலர் என்னதான் செய்யணும்?

பெரும்பாலான முகாம்களில் ஒரு தன்னார்வலருக்கு ஒருவரை அல்லது இருவரை ஒப்படைப்பார்கள். விளையாட்டு, பாட்டு, கைவேலை, சாப்பாடு, ஓய்வு என நாள் முழுக்க அவர்கள் கூடவே இருப்பதுதான் வேலை.

இதில் புதுசா வர்றவங்க செய்ற பெரிய தப்பு, எல்லாத்தையும் தாங்களே செய்து கொடுத்துவிடுவது. ஷூ லேஸ் கட்ட ஒருத்தர் 5 நிமிஷம் எடுத்துக்கொள்கிறார் என்றால், அந்த 5 நிமிஷம் சும்மா நில்லுங்க. நீங்க கட்டிவிட்டால் 10 நொடியில் முடிந்துவிடும். ஆனால் அவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விடும். முதலில் வாயால் சொல்லுங்க, அடுத்து செய்து காட்டுங்க, அப்புறமும் முடியலைன்னா மட்டும் கை கொடுங்க.

பேச்சு வராதவங்ககிட்ட எப்படிப் பேசுறது?

பேச முடியவில்லை என்பதற்காகப் புரியாது என்று நினைக்கக் கூடாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்க. ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்க. பதில் வர அந்த நேரம் சிலருக்குத் தேவை. "விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, பந்தையும் பெயின்ட்டையும் காட்டி "எது வேணும்?" என்று கேட்டால் எளிது.

சிலர் படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டிப் பேசுவார்கள். சிலர் சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற செயலி மூலம் பேசுவார்கள். அந்த அட்டையோ டேப்லெட்டோதான் அவர்களின் குரல். "கீழே போட்டுடுவாங்க" என்று வாங்கி பையில் வைத்துவிடாதீங்க.

திடீர்னு கத்தி அழுதா என்ன செய்யணும்?

ஆட்டிசம் உள்ள பலருக்கு மைக் சத்தம், விசில், கூட்டம், பளிச்சென்ற வெளிச்சம் தாங்காது. காதைப் பொத்துவது, ஆடிக்கொண்டே இருப்பது, ஓடப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று சொல்லும் வழிகள். அதட்டாதீங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க. அமைதியான இடத்துக்கு அழைத்துப் போய், பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருங்க. ஒருங்கிணைப்பாளருக்கும் சொல்லிவிடுங்க. அடுத்த நிகழ்ச்சி என்ன என்பதை முன்கூட்டியே சொல்வதும் இதைத் தவிர்க்க உதவும். "இன்னும் 5 நிமிஷத்தில் பந்து முடியும், அப்புறம் சாப்பாடு" என்று சொன்னாலே போதும்.

வலிப்பு வந்தால் சாவி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், இதை எல்லாத் தன்னார்வலரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கையில் இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் திணிக்காதீங்க, தண்ணீர் ஊற்றாதீங்க, கை காலை அழுத்திப் பிடிக்காதீங்க. தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வைத்து, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைங்க. உடனே மணி பாருங்க. 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, விட்டு மறுபடி வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வெயிலிலும் சாப்பாட்டிலும் கவனம்!

"தாகமா இருக்கு" என்று சொல்லத் தெரியாதவர்கள் இருப்பார்கள். சில வலிப்பு மாத்திரைகள் வியர்ப்பதையே குறைத்துவிடும், அதனால் உடம்பு சீக்கிரம் சூடாகும். கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்க. மதிய வெயிலில் வெளி விளையாட்டு வேண்டாம்.

மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். பாசத்தில் நீங்க நீட்டும் ஒரு பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். கேட்காமல் எதையும் கொடுக்காதீங்க.

கண்டிப்பா செய்யக் கூடாதவை

* பூட்டிய அறையில் ஒருவருடன் தனியாக இருக்கக் கூடாது. இது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.
* கழிவறை, உடை மாற்றும் உதவியை முகாம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறதோ அவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.
* அனுமதி இல்லாமல் போட்டோ, ரீல்ஸ் கூடாது. குடும்பத்தினர் சம்மதம் மட்டும் போதாது, அவரிடமும் கேளுங்க.
* கேலி, பட்டப்பெயர் கூடவே கூடாது. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016 சட்டத்தின் 92-வது பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.
* யாராவது தவறாக நடப்பதைப் பார்த்தால் மறைக்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போக்சோ சட்டப்படி புகார் சொல்வது கட்டாயம்.

ஒருநாள் சாப்பாடு போட்டா போதாதா?

பிறந்தநாளுக்கு சிறப்புப் பள்ளிக்குப் போய் சாப்பாடு போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து வருவது நம்ம ஊரில் வழக்கம். அந்தச் சாப்பாடு உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முகாமுக்குத் தேவை வேறு. உங்கள் முகமும் குரலும் பழக ஒருவருக்கு இரண்டு, மூன்று நாள் ஆகலாம். நாலாவது நாள் அவர் உங்கள் கையைப் பிடிக்கும்போது, ஐந்தாவது நாள் நீங்க வராமல் போனால் அவருக்குக் காரணம் புரியாது. வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டிலும் கணக்கு மாறும். உங்களை நம்பி அன்றைக்கு வேலைக்குப் போன அம்மாவுக்குப் பாதியில் போன் வரும்.

அதனால் ஒரு மாதம் முடியாது என்றால் ஒரு வாரம் மட்டும் ஒத்துக்கோங்க. ஒத்துக்கொண்டதை முழுசா செய்யுங்க.

எங்கே விசாரிக்கலாம்?

உங்கள் பகுதி சிறப்புப் பள்ளிகள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஆகியவற்றில் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் என்எஸ்எஸ் அலுவலரிடம் முதலில் பேசுங்க. இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டிய 240 மணி நேர சேவையில் இது சேருமா என்பதை அவர் சொல்வார்.

சேரும் முன் முகாமில் நாலு கேள்வி கேளுங்க. பயிற்சி உண்டா? ஒரு தன்னார்வலருக்கு எத்தனை பேர்? வலிப்பு, அலர்ஜி விவரம் யாரிடம் இருக்கும்? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத முகாமில் சேர யோசிங்க.

கடைசியா ஒண்ணு. முகாம் முடியப் போவதை முடியும் நாளன்று சொல்லாதீங்க. இரண்டு நாள் முன்பே காலண்டரில் தேதியைக் காட்டி, "வெள்ளிக்கிழமையோட நான் கிளம்புறேன்" என்று சொல்லிடுங்க. எல்லோரையும் போல, விடைபெற அவருக்கும் கொஞ்சம் நேரம் வேணும்.