பெயரில் மட்டும் எஞ்சிய காடு

காட்டுமன்னார்கோயில் என்னும் பெயரில் காடு இருக்கிறது. ஊரைச் சுற்றி இன்று நாம் காண்பதோ நெல்வயல். இவ்வூருக்குரிய காடு எங்கே என்று கேட்டால், மேற்கே நெடுந்தொலைவில் உள்ள கல்வராயன் மலையைத்தான் காட்டவேண்டும்.

வீராணம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குப் ‘பொன்னியின் செல்வ’னின் தொடக்கம் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தகனின் ‘வீரநாராயணன்’ என்னும் விருதுப்பெயரைத் தாங்கிய ஏரி அது. கொள்ளிடத்து நீர் கீழணையில் பிரிந்து வடவாற்றின் வழியே அதற்கு வருகிறது. ஆகவே இவ்வூரின் வரலாற்றைக் காவிரியின் வரலாறாகவே எழுதிவிடுகிறோம். அது பாதி உண்மையே. மறுபாதி, வடக்கே ஓடும் வெள்ளாறு.

புதுக்கோட்டைப் பகுதியில் ஓடும் தென்வெள்ளாறு வேறு, இது வடவெள்ளாறு. ஆத்தூர் வழியாக வரும் வசிட்டநதியும், அதற்குத் தெற்கே மலையடிவாரங்களின் நீரைத் திரட்டிவரும் சுவேதநதியும் கூடி வெள்ளாறாகின்றன. கல்வராயன் மலையில் தோன்றும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து அதனுடன் கலக்கிறது. பரங்கிப்பேட்டையருகே ஆறு கடலை அடைகிறது.

இரண்டு ஆறுகளின் இயல்பும் வேறு. காவிரி குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் பெருகுவது. வெள்ளாறோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. சில நாள் பொங்கி, பல மாதம் மணலாய்க் கிடப்பது. வீராணத்தின் மிகுநீரில் ஒரு பகுதி சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுக்குத்தான் திறந்துவிடப்படுகிறது. ஒரு மலையின் நீரை வாங்கி, மற்றொரு மலையின் ஆற்றில் சேர்க்கும் ஏரி இது! ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி, செங்கால் ஓடையும் பெருகி, அதே வேளையில் வெள்ளாறும் கரைபுரண்டால் நீர் எங்கே போகும்? வயலுக்குள்தான். 2015-இல் கடலூர் மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்க இயலாது.

மலையடிவாரக் காடு மழையைத் தாங்கி, மண்ணுக்குள் இறக்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுவது. காடு குறைந்தால் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு விரைந்து இறங்கும். பின்பு ஆறு வறண்டுவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்.

ஏரியைத் தூர்வாருவது பற்றியும் கரையை உயர்த்துவது பற்றியும் நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் நம் வயலைக் காக்கும் காடு ஆத்தூருக்கும் அப்பால் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். பெயரில் உள்ள காட்டைப் பெயரளவில் விட்டுவிடலாகாது.