விலைப்பட்டியலில் இல்லாதவர்கள்

காங்கேசன்துறை வீதியிலுள்ள சுன்னாகம் சந்தை குடாநாட்டு விவசாயத்தின் நாடித்துடிப்பு என்று பத்திரிகைகளில் எழுதுவது வழக்கம். நானும் பலமுறை அவ்வாறு எழுதியிருக்கின்றேன். வெங்காய விலை ஏறினால் 'விவசாயிகள் மகிழ்ச்சி'. இறங்கினால் 'விவசாயிகள் கவலை'. இத்தலைப்புகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவை யாரை விட்டுவிடுகின்றன என்பதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. அதே ஆண்டுகள் தென்னிலங்கையில் பாண் வரிசைக் காலமாகவே நினைவுகூரப்படுகின்றன. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தபோது கொழும்புக் கடைகள் நிறைந்தன. இங்கே தோட்டக்காரரின் வருமானம் சரிந்தது. நுகர்வோர் பக்கம் நின்று எழுதினால் ஒரு வரலாறு. உற்பத்தியாளர் பக்கம் நின்று எழுதினால் வேறொரு வரலாறு.

மூன்றாவது வரலாறு ஒன்றும் உண்டு. பிறருடைய காணியில் வெங்காயம் நட்டு, களை பிடுங்கி, நாட்கூலி பெற்றவர்களின் வரலாறு அது. விலை ஏறியபோது கூலி ஏறியதா, விலை விழுந்தபோது எத்தனை நாள் வேலை இல்லாமற் போனது என்று சந்தையில் நின்ற நான் கேட்டதில்லை. 'விவசாயி' என்ற ஒரே சொல்லுக்குள் காணிக்காரரையும் கூலியாளையும் அடக்கிவிட்டோம்.

இத்தனைக்கும் அந்த மக்கள் சுன்னாகத்தில் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். 1966 ஒக்டோபர் 21 இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது இங்கிருந்துதான். பொலிஸாரின் தடியடியையும் தாண்டி அது முற்றவெளியை அடைந்தது. அதனைச் 'சாதிப் பிரச்சினை' என்றே இன்றும் வகைப்படுத்துகின்றோம். ஆனால் கோயிற் கதவும் தேநீர்க்கடையும் பொதுக்கிணறும் மறுக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் காணியற்ற கூலியாட்களும் ஆவர். சாதிச் செய்தியை ஒரு பக்கத்திலும் விலைச் செய்தியை இன்னொரு பக்கத்திலும் வைத்தோம். ஆகவே, ஊர்வலத்தில் நடந்தவரும் வெங்காயம் நட்டவரும் ஒருவரே என்பது வாசகருக்குப் புலப்படாமற் போயிற்று.

பொய் சொல்லாமலேயே ஒரு செய்தி மனிதரை மறைத்துவிடும். சந்தைக்குச் செல்லும் இளம் செய்தியாளருக்கு நான் கூறுவது இதுதான்: கிலோ என்ன விலை என்று கேட்டபின், நாட்கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள்.