மாத்திரையும் ஊசியும்

நம் திரிங்காப் மலைக்கு மேற்கே, ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஊர்ப் பெயரையே நாம் ஏச்சுச் சொல்லாக்கிவிட்டோம். அக்காலத்தில் மனநோய்க்குத் தக்க மருந்து இல்லை.

1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் டெலே, டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயனை உலகுக்கு அறிவித்தனர். நோயாளிகள் பலர் வீடு திரும்பினர். ஆனால், 'சுகமாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் மீண்டும் வந்தது.

அதனால் 1960-களில் புளுபெனசின் ஊசி வந்தது. அம்மருந்தைக் கரைத்தது நாம் அறிந்த நல்லெண்ணெயில்தான்! அது தசையில் தங்கி, சில வாரங்கள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும்.

'தினமும் மாத்திரையை நினைக்க வேண்டாம். லயத்தில் யாரும் பார்க்கவும் மாட்டார்கள்' என்று ஊசியை விரும்புவோர் உண்டு. 'தண்டனை போலிருக்கிறது, போட்டபின் திரும்ப எடுக்க முடியாதே' என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டும் நியாயமே. கைநடுக்கமும் உடல் இறுக்கமும் இரண்டு முறையிலும் வரலாம்.

ஆகவே மிரட்டி ஊசி போடச் செய்வதும், சோற்றில் மாத்திரையை மறைப்பதும் வேண்டாம். நோயுற்றவரின் விருப்பத்தைக் கேட்போம்; அவரோடு சென்று மருத்துவரிடம் பேசுவோம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். அந்தப் பழைய ஏச்சுச் சொல்லையும் இன்றோடு விட்டுவிடுவோம்.