கெட்டில் சொன்ன சேதி

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைக் குலைத்த நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்த முதியோர் பலர் தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். பழைய தெரு இல்லை, பழகிய அண்டை வீட்டாரும் இல்லை. அக்குடியிருப்புகளில் ஒருவர் இறந்துகிடப்பதைப் பல நாள் கழித்தே பிறர் அறியும் நிலை நேர்ந்தது. அதன் பின்னரே 'கொடோகுஷி', அதாவது துணையற்ற சாவு, என்னும் சொல் அந்நாட்டில் பெரும் பேசுபொருளாயிற்று.

அடுத்த ஆண்டே தோக்கியோவின் இக்கெபுகுரோ பகுதியில் நோயுற்ற மகனும் அவரைப் பேணிவந்த தாயும் இறந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் கண்டறியப்பட்டனர். இந்நிகழ்வு ஒரு கருவிக்கு வித்திட்டது. ஜப்பானிய முதியோர் நாள்தோறும் தேநீர் அருந்துவர். எனவே வெந்நீர்க் கெட்டில் இயங்கினால் அவர் நலமாயுள்ளார் என்று கொள்ளலாம். ஸொஜிருஷி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'ஐ-பாட்' கெட்டிலினுள் ஒரு செய்தித்தொடர்புக் கருவி இருந்தது. கெட்டில் பயன்பட்ட விவரத்தைத் தொலைவில் வாழும் பிள்ளைக்கு நாளுக்கு இருமுறை மின்னஞ்சலில் அது அனுப்பியது.

கூர்மையான சிந்தனை, ஐயமில்லை. ஆனால் தாய் இங்கே ஒன்றும் பேசுவதில்லை. அவரைப் பற்றிய சேதி மட்டுமே மகனை அடைகிறது. பழந்தமிழில் 'புலம்பு' என்றால் தனிமை. பிற்காலத்தில் அது வாய்விட்டு அரற்றுதலைக் குறிக்கலாயிற்று. கெட்டிலுக்கு முதற்பொருள் எட்டியது, இரண்டாம் பொருள் எட்டவில்லை என்பேன்.

ஏறத்தாழ இதே காலத்தில்தான் டோகோமோவின் 'ராகுராகு' கைபேசிகளும் வந்தன. பெரிய எழுத்து, பெரிய பொத்தான், நெருங்கியவரை ஒரே அழுத்தில் அழைக்கும் வசதி என அவை முதியவரின் கண்ணையும் விரலையும் கருதின. கெட்டிலின் வழித்தோன்றல்களும் இன்றுவரை உள்ளன. 'நலமா?' என்று கைபேசியில் கேட்டு, பொத்தானை அழுத்தாவிடில் உறவினரை எச்சரிக்கும் சேவைகள் அத்தகையனவே. ஆயினும் 2024இல் தம் இல்லத்தில் தனியே இறந்து காவல்துறையால் கணக்கிடப்பட்டோர் 76,020 பேர். அவருள் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

வடிவமைப்பின் திசையை மாற்றியவர் ஒரு முதியவரே. 1935இல் பிறந்த வாகாமியா மசாகோ வங்கி ஊழியர். ஓய்வுபெறும் காலத்தில் கணினி வாங்கினார். வயது முதிர்ந்த தாயைப் பேணுவதற்காக வீட்டிலேயே இருக்க நேர்ந்த ஆண்டுகளில், இணைய உரையாடலே அவருக்கு வெளியுலகமாயிற்று. 1999இல் தோன்றிய 'மெல்லோ கிளப்' என்னும் முதியோர் இணையக் குழுவை நிறுவியவருள் அவரும் ஒருவர். தனிமையை வெளியிலிருந்து ஆராய்ந்தவரல்லர், உள்ளிருந்து அறிந்தவர்.

முதியோர் இளையோரை வெல்லத்தக்க விளையாட்டொன்றைக் கைபேசிக்கு ஆக்கித் தருமாறு அவர் இளைஞர்களைக் கேட்டார். எவரும் முன்வராமற்போகவே, மியாகியில் இருந்த வல்லுநர் ஒருவரிடம் ஸ்கைப் வழியாக ஸ்விஃப்ட் நிரல்மொழி பயின்று, 2017இல் 'ஹினாதான்' செயலியைத் தாமே வெளியிட்டார்.

மார்ச் 3ஆம் நாள் ஹினா விழாவில் ஜப்பானியர், நம் நவராத்திரிக் கொலுவைப் போலவே, படிகளில் பொம்மைகளை அடுக்குவர். செயலியில் 12 பொம்மைகள். பேரரசர் எப்பக்கம், இசைவாணர் ஐவருள் குழலூதுபவர் எங்கே என்பதெல்லாம் மரபு வரையறுத்தவை. இளைஞர் தடுமாறுவர், பாட்டிக்கு அது சிறுவயதுப் பாடம்.

தனியே ஆடும் விளையாட்டு தனிமையை எங்ஙனம் போக்கும் என வினவலாம். பேரன் தோற்று, "பாட்டி, இது எங்கே?" என்று வந்து கேட்கும் நிலையை அது உண்டாக்குகிறது என்பதே என் விடை. கெட்டிலின் உலகில் கேட்கப்படும் ஒரே கேள்வி, பாட்டி உயிரோடு இருக்கிறாரா என்பதுதான்.

நுணுக்கங்களிலும் முதுமையின் அறிவு தெரிகிறது. முதியோரின் உலர்ந்த விரலுக்குத் திரையில் இழுத்தல் அரிது. ஆகவே தொட்டாலே போதும். காலவரம்பு இல்லை. செவி மங்கியோர்க்காக ஒலிவிளக்கம் எழுத்திலும் தோன்றும். அவ்வாண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் நடத்திய உருவாக்குநர் மாநாட்டுக்கு அழைக்கப்பெற்றபோது அவருக்கு வயது 82.